அந்த ஓர் அறைக்கு மட்டும் ஏன் இளஞ்சிவப்பு?

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்களைச் சமாளிக்க முடியவில்லை. அவர்கள் அறைக்கு மட்டும் இளஞ்சிவப்பு அடித்தால் சாந்தமாகிவிடுவார்கள் என்கிறார் தலைமை ஆசிரியர். அமெரிக்கச் சிறைகளில் நிரூபித்த விஷயமாம். உண்மையா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அவர் சொல்வது சியாட்டில் கடற்படைச் சிறையின் கதை. அலெக்சாண்டர் ஷாஸ் என்பவரின் யோசனைப்படி 1979இல் அங்கே ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு அடித்தார்கள். எட்டுப் பங்கு வெள்ளை பெயின்ட்டுக்கு ஒரு பங்கு சிவப்பு என்பது கலவை. சிறை அதிகாரிகள் இருவரின் பெயரால் அது ‘பேக்கர்-மில்லர் பிங்க்’ ஆயிற்று. முரட்டுக் கைதிகளும் கால்மணி நேரத்தில் அடங்கிவிடுகிறார்கள் என்ற பேச்சு பரவியது. வேறு சிறைகளும் பெயின்ட் வாளியைத் தூக்கின.

கோபத்தில் இருப்பவனைத் தனியறையில் பூட்டினால், சுவர் எந்த நிறமானாலும் கொஞ்ச நேரத்தில் தணியத்தானே செய்வான்? சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் இதை முறையாகச் சோதித்தார்கள். விதி மீறிய 59 கைதிகளில் சிலரை இளஞ்சிவப்பு அறையிலும் மற்றவர்களை வேறு நிற அறையிலும் மூன்று நாள் வைத்தார்கள். இரு தரப்பிலும் ஆவேசம் ஒரேபோலக் குறைந்தது. 2015இல் வெளியான முடிவு இது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அயோவா பல்கலைக்கழக விளையாட்டரங்கம். ஹேடன் ஃப்ரை என்ற அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர், உளவியல் படித்தவர், எதிரணியினர் உடை மாற்றும் அறைக்கு இளஞ்சிவப்பு அடிக்க வைத்தார். அது மனத்தை அமைதிப்படுத்தும் என்பது ஒரு காரணம். சிறுமிகளின் படுக்கையறை நிறம், ஆகவே ஆண்மைக் குறைவாகத் தோன்றும் என்பது இன்னொரு காரணம். இரண்டையும் அவரே எழுதியிருக்கிறார். அறிவியல் என்று நீட்டப்படுவதற்குள் ‘நீ பெண்பிள்ளை’ என்ற ஏளனம் சேர்ந்தே வருகிறது.

அந்த ஏளனத்துக்கு வயதும் அதிகமில்லை. இளஞ்சிவப்பு உறுதியான நிறம், அதனால் ஆண் குழந்தைக்கு; நீலம் மென்மையானது, அதனால் பெண் குழந்தைக்கு என்று 1918இல் அமெரிக்கக் குழந்தை உடை வியாபார இதழ் ஒன்று எழுதியது.

பள்ளி முழுக்க இளஞ்சிவப்பு அடிப்பதென்றால் எனக்கு மறுப்பே இல்லை, அழகான நிறம். அடங்காத பையன்களின் அறைக்கு மட்டும் என்றால் அது தண்டனை என்பது அவர்களுக்கு முதல் நாளே புரிந்துவிடும். பெண் நிறம் தண்டனைக்கு உதவுகிறது என்பதைப் பக்கத்து வகுப்பு மாணவிகளும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெயின்ட் வாங்குவதற்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் பேசிவிடுங்கள்.