இன்டர்ன்ஷிப்பில் பிரிண்ட் மட்டும்தான் எடுக்கிறேன், என்ன செய்யலாம்?

கேள்வி: சிவில் மூன்றாம் ஆண்டு முடித்திருக்கிறேன். நாகர்கோவிலில் டிசைனும் கான்ட்ராக்டும் சேர்த்துச் செய்கிற ஒரு நிறுவனத்தில் நான்கு வார இன்டர்ன்ஷிப். ஒரு வாரம் ஓடிவிட்டது. ஆபீசில் பிரிண்ட் எடுக்கிறேன், பழைய டிராயிங்கைப் புரட்டுகிறேன். சைட்டுக்கு அனுப்பினாலும் "சும்மா பாத்துக்கிட்டு நில்லும்மா" என்கிறார்கள். கூடப் படிக்கிற ஒருத்தி எங்கேயோ பணம் கட்டி சர்டிபிகேட் வாங்கிவிட்டாள். நானும் அப்படியே செய்திருக்கலாமோ? ரிப்போர்ட்டில் எழுத ஒன்றுமே இல்லை. (ஒரு மாணவி, தக்கலை)

பதில்: சர்டிபிகேட்டை முதலில் பேசி முடித்துவிடுவோம். வேலைக்கான நேர்காணலில் உங்கள் சர்டிபிகேட்டை யாரும் உற்றுப் பார்க்கப்போவதில்லை. "எந்த சைட்? ஸ்லாப் என்ன கனம்? என்ன கிரேடு கான்கிரீட்?" என்று மூன்று கேள்வி கேட்பார்கள். பணம் கட்டி வாங்கியவர் இரண்டாவது கேள்வியிலேயே திணறுவார். உங்களுக்கு இன்னும் மூன்று வாரம் கையில் இருக்கிறது. அது தாராளம்.

அவர்கள் உங்களை ஒதுக்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்தில் இது கான்ட்ராக்டர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும் காலம். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடிப்பதற்குள் கூரை கான்கிரீட்டைப் போட்டு முடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். இந்த நேரத்தில் போய் "சொல்லிக் குடுங்க சார்" என்றால் சைட் இன்ஜினியருக்கு அது இன்னொரு சுமை. "அடுத்த கான்கிரீட்ல ஒரு பீமோட கம்பிக் கணக்கை நான் போட்டுத் தரட்டுமா சார்? நீங்க சரிபார்த்தா போதும்" என்று கேட்டுப் பாருங்கள். அது அவருக்குப் பிடிக்கும். அப்புறம் இன்னொன்று: மழையில் சைட் நின்றுபோகிற நாளில் அதே இன்ஜினியர் ஆபீசில்தான் உட்கார்ந்திருப்பார். உங்கள் சந்தேகங்களை அந்த நாளுக்குச் சேர்த்து வையுங்கள்.

கட்டடம் முழுவதையும் புரிந்துகொள்ளப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு பீம் போதும். டிராயிங்கில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கீழே 16 மி.மீ. கம்பி மூன்று, மேலே 12 மி.மீ. இரண்டு, அவற்றைச் சுற்றிக் கட்டும் 8 மி.மீ. ரிங் 150 மி.மீ. இடைவெளியில் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கம்பி விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும், 16 மி.மீ. என்றால் 1.58. பீம் 4.5 மீட்டர் என்றால், 4500ஐ 150 ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால், ரிங் 31. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போங்கள். நீங்கள் போட்ட நீளமும் அங்கே வெட்டிய நீளமும் ஒத்துப்போகாது. கம்பி தூணுக்குள் போய் மடங்குகிற நீளத்தைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். எல்லா மாணவர்களும் மறப்பதுதான். பிறகு டேப்பை வைத்து ரிங் இடைவெளியை அளந்து பாருங்கள். பீமின் நடுவில் 150 சரியாக இருக்கும். தூணை ஒட்டி வரும்போது கம்பி நெருக்கத்தில் கை நுழையாது, அதனால் ஒன்றிரண்டு ரிங்கை விட்டிருப்பார்கள். பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கிற வெட்டுவிசை அதிகமாக வருவது அந்த இடத்தில்தான். பாடத்தில் படம் போட்டுப் படித்தது அங்கே கண்ணெதிரே நிற்கும்.

இப்படி ஒன்று கண்ணில் பட்டால் எல்லார் முன்னிலையிலும் "இது தப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். இன்ஜினியரிடம் தனியாகக் கேளுங்கள். கொத்தனாரிடமும் கம்பி கட்டுகிறவரிடமும் டீ நேரத்தில் "அண்ணே, இந்த மூலையில ரிங் எப்படி நுழைப்பீங்க?" என்று கேட்டால் வேலையை நிறுத்திச் செய்தே காட்டுவார்கள். இருபது வருடமாகக் கம்பி கட்டுகிறவருக்குத் தெரிந்தது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

நம் ஊரில் கட்டாயம் பார்க்க வேண்டியது கவர் பிளாக், அதாவது கம்பி அச்சுப் பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்துகிற சின்னக் கட்டை. முட்டம், குளச்சல் பக்கம் கடலோர வீடுகளில் பால்கனி அடிப்பகுதி பெயர்ந்து துருக்கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புக்காற்று உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கான்கிரீட் வெடித்துவிடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456இன்படி சாதாரண, வறண்ட சூழலில் ஸ்லாப் கம்பிக்கு வெளியே 20 மி.மீ. கான்கிரீட் மூடல் போதும், கடலோரச் சூழல் என்றால் 45 மி.மீ., கான்கிரீட்டும் எம்30 கிரேடுக்குக் குறையக் கூடாது. உங்கள் சைட் கடலிலிருந்து எவ்வளவு தூரம், டிராயிங்கில் எவ்வளவு மூடல் போட்டிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். பிறகு கான்கிரீட் கொட்டுகிற நேரத்தில் நின்று கவனியுங்கள். கையாள்கள் சட்டியோடு கம்பி மேல் நடக்கும்போது பிளாக் நழுவும், மேல் கம்பி அமுங்கும். பீமை ஒட்டி மேலே நிற்க வேண்டிய கம்பி இரண்டு அங்குலம் கீழே போய்விட்டால் டிசைன் செய்தவர் போட்ட கணக்கு காகிதத்தோடு சரி. அதைத் தாங்க வைக்கிற, நாற்காலி போல மடித்த சேர் கம்பி எத்தனை இருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் இதிலிருந்துதான் வரும். நிறுவனத்தின் வரலாறு அரைப் பக்கம் போதும். இணையத்தில் எடுத்து ஒட்டிய பத்துப் பக்கத்தை எந்தப் பேராசிரியரும் படிப்பதில்லை. உங்கள் பீம், டிராயிங்கில் இருந்தது, சைட்டில் அளந்தது, வித்தியாசம், அதற்கு இன்ஜினியர் சொன்ன காரணம். அன்றன்றே டைரியில் எழுதுங்கள், வாரம் ஒருமுறை கையெழுத்து வாங்குங்கள். போட்டோ எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். டிராயிங்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடாதீர்கள், அது வீட்டுக்காரரின் சொத்து.

ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கிறீர்கள் என்றால் டேப்போடு மாத்தூர் தொட்டிப்பாலம் போய் வாருங்கள். 1966இல் கட்டியது, 28 தூண்கள், 115 அடி உயரம். செல்ஃபி எடுத்த பிறகு தொட்டியின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, தண்ணீர் ததும்ப நின்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு எவ்வளவு எடை என்று கணக்குப் போடுங்கள். 5 டன் பக்கத்தில் வரும். அது எப்படித் தூணுக்கு இறங்குகிறது என்று யோசித்துக்கொண்டே திரும்பலாம்.

பெண் என்பதால் ஒரு வார்த்தை. எந்த சைட்டில் கழிப்பறை இருக்கிறது என்று இன்ஜினியரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள், கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் நிற்காதீர்கள். மிக்ஸர் பக்கம் துப்பட்டா வேண்டாம். ஹெல்மெட்டும் ஷூவும் அவர்கள் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, யாருக்கும் பிடிக்காத ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள்: கியூப் ரிஜிஸ்டர், அதாவது கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க வார்க்கும் கனசதுரக் கட்டிகளின் பதிவேடு. கான்கிரீட் போடும் நாளில் 150 மி.மீ. அச்சில் மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 35 குத்து குத்தி, மறுநாள் அச்சைக் கழற்றித் தேதி எழுதித் தண்ணீரில் போட வேண்டும். 7ஆம் நாள் உடைத்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமை வந்திருக்கும். சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட் என்றால் கொஞ்சம் குறையலாம், பதற வேண்டாம். 28ஆம் நாள் ரிசல்ட் வரும்போது உங்கள் இன்டர்ன்ஷிப் முடிந்திருக்கும். கிளம்பும் நாளில் சர்டிபிகேட்டில் பதிவு எண்ணும் தேதிகளும் சரியா என்று பார்த்துவிட்டு, இன்ஜினியரிடம் "28 நாள் ரிசல்ட்டுக்கு போன் பண்ணலாமா சார்?" என்று கேட்டு வையுங்கள். அந்த எண் வந்ததும் ரிப்போர்ட்டின் அட்டவணையில் காலியாக விட்ட கட்டத்தை நிரப்பிக் கல்லூரியில் கொடுங்கள்.