ஈறு நோயில் நைட்ரிக் ஆக்சைடு: கேள்வி பதில்

நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாய்க்கு நல்லது என்கிறார்கள், ஈறைக் கெடுக்கும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரிதான். ரத்தக் குழாயின் உட்சுவர் ஒரு நொதியின் உதவியால் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து இந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரிக்கிறது. அதனால்தான் குழாய் தளர்ந்து விரிகிறது. இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஈறில் நடப்பது வேறு. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் காறை படிந்து பாக்டீரியா பெருகினால், அதன் நச்சைக் கண்டு மேக்ரோஃபேஜ் போன்ற தற்காப்பு செல்கள் வேறொரு நொதியை உண்டாக்குகின்றன. அது கிளம்பிவிட்டால் மணிக்கணக்கில் வாயுவைக் கொட்டும். நோக்கம் கிருமியைக் கொல்வதுதான். ஆனால் அந்த வாயு அங்கேயே உருவாகும் சூப்பராக்சைடு என்ற ஆக்சிஜன் வகையுடன் சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட் என்ற வீரியமான வேதிப்பொருள் ஆகிவிடும். அது கிருமி, சொந்த செல் என்று பிரித்துப் பார்க்காது. புரதம், கொழுப்பு, டிஎன்ஏ எல்லாவற்றையும் தாக்கும், ஈறின் நார்ப் புரதமான கொலாஜனை அரிக்கும் நொதிகளையும் முடுக்கிவிடும். காறை இருக்கும்வரை தூண்டுதலும் ஓயாது.

அந்த நொதியையே மருந்தால் அடக்க முடியாதா?

எலிகளில் தடுப்பான் கொடுத்தபோது பல்லைத் தாங்கும் எலும்பின் இழப்பு குறைந்தது. மனிதருக்கு அது வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. கிருமியை எதிர்க்கவும் அதே வாயு வேண்டுமே! காறையைச் சுரண்டி எடுப்பதுதான் இன்றும் முதல் சிகிச்சை. தூண்டுவது போனால் வீக்கம் தானே தணியும்.

மவுத்வாஷ் போட்டால் நைட்ரிக் ஆக்சைடு குறையுமாமே?

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி உள்ளதென்றால், ஆமாம். கீரை, பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட்டை நாக்கின் பாக்டீரியாதான் நைட்ரைட்டாக மாற்றுகிறது. அது உடலுக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடாகிறது. அந்த பாக்டீரியா அழிந்தால் ரத்த அழுத்தம் லேசாக ஏறுவதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பல் மருத்துவர் சொன்ன நாள்வரை தயங்காமல் பயன்படுத்துங்கள். அப்புறம் நீங்களாகவே மாதக்கணக்கில் தொடராதீர்கள்.

பல் மருத்துவமனையில் முகரக் கொடுப்பதும் இதே வாயுவா?

இல்லை, அது நைட்ரஸ் ஆக்சைடு.

நான் புகைபிடிப்பவன். ஈறில் ரத்தமே வருவதில்லை, நல்லதுதானே?

இதை நம்பி இருந்துவிடாதீர்கள். புகைபிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தக் கசிவு குறைந்துவிடும். வெளியே அமைதியாகத் தெரியும்போதே உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம். பல் மருத்துவரிடம் போனால் மெல்லிய அளவுகோலை ஈறு ஓரத்தில் விட்டு ஆழம் பார்ப்பார்கள். 1 முதல் 3 மி.மீ. இயல்பு. 4 அல்லது அதற்கு மேல் என்றால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.