நாங்கள் இருவரும் ஆண்கள் என்று சொல்லி, பிள்ளைகளுக்கு வளர்ப்பு வீடு தேடித் தரும் ஒரு தனியார் முகமை எங்கள் வளர்ப்புப் பெற்றோர் விண்ணப்பத்தை மறுத்துவிட்டது. அப்படி மறுக்கலாமா?

மறுக்க முடியாது. நீங்கள் இருப்பது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். அங்கே 2003-இல் வந்த சட்டம் வளர்ப்புப் பராமரிப்பில் (பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளை வேறு வீட்டில் தற்காலிகமாக வளர்ப்பது) உள்ள பிள்ளைகளை மட்டுமல்ல, பராமரிக்க முன்வருபவர்களையும் பாலீர்ப்பு, பாலின அடையாளம் காரணமாக ஒதுக்கக் கூடாது என்கிறது. உரிமம் தரும் நடைமுறையும் இதில் அடக்கம்.

அந்தத் தனியார் முகமை 2021 ஃபிலடெல்ஃபியா தீர்ப்பைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். அந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத் தம்பதிகளை ஏற்க மறுத்த கத்தோலிக்க முகமை பக்கம் நின்றது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம், ஃபிலடெல்ஃபியா நகரம் முகமைகளோடு போட்ட ஒப்பந்தத்திலேயே, பாகுபாடு கூடாது என்ற விதிக்கு விதிவிலக்கு தர இடம் இருந்தது. எல்லா முகமைகளுக்கும் அது அனுமதிச்சீட்டு அல்ல.

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அப்புறம் உங்கள் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) குழந்தைகள் நலத் துறையிலேயே நேரடியாக விண்ணப்பியுங்கள், முகமை வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. தயவுசெய்து இதோடு விட்டுவிடாதீர்கள்.

ஒன்று மட்டும்: டெக்சாஸ், டென்னசி போன்ற மாநிலங்களில் மத நம்பிக்கையைச் சொல்லி முகமைகள் மறுக்கச் சட்டமே இடம் தருகிறது. வீடு மாறும் திட்டம் இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.