கணவரின் வன்முறைக்கு ஆளாகும் பூர்வகுடி அண்டைவீட்டுப் பெண்ணுக்குக் காப்பகத்தின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன்; அவர் இன்னும் அழைக்கவில்லை. பூர்வகுடியினரே நடத்தும் உதவி அமைப்பு மெல்பர்னில் உண்டா?

உண்டு. மெல்பர்ன் அமைந்துள்ள விக்டோரியா மாநிலத்தில் 2002 முதல் பூர்வகுடியினரே நடத்திவரும் ஜிர்ரா என்னும் அமைப்பு, குடும்ப வன்முறைக்கு ஆளானோருக்குச் சட்ட உதவியையும் ஆலோசனையையும் இலவசமாக வழங்குகிறது. எண் 1800 105 303.

நீங்கள் எழுதிக் கொடுத்த காப்பக எண்ணை அண்டைவீட்டுப் பெண் மடித்துப் பணப்பைக்குள் வைத்திருந்தும் இரண்டு வாரமாக அழைக்காததை அலட்சியம் என்று நான் நினைக்கமாட்டேன். புகார் செய்தால் பிள்ளைகளை அரசு எடுத்துக்கொள்ளும் என்ற அச்சமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அரசே குழந்தைகளைப் பறித்துச் சென்ற காலத்தை பூர்வகுடியினரின் பாட்டிமார் கண்டிருக்கிறார்கள்.

தம் மக்கள் நடத்தும் இடம் வேண்டுமா, வெளியார் இடமா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். உறவினர் யாரேனும் அங்கே வேலை செய்யக்கூடும் என்பதால் சிலர் வெளியாரையே விரும்புவர்.

ஆனால், கணவர் எடுத்துப் பார்க்கும் கைபேசிக்கு இந்த எண்ணை அனுப்பாதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் அவசர எண் 000.