முன்னால் நிற்கும் குழாய்களை முதலில் தட்டிப் பாருங்கள்

கேள்வி: தீவகத்தில் உள்ள எங்கள் கோவிலில் நூறு வருசத்துக்கு மேற்பட்ட பைப் ஓர்கன் இருக்கிறது. மிதித்தால் புஸ் என்று காற்று மட்டும்தான் வருகிறது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் இரண்டு இலட்சம் ரூபாவும் புது எலெக்ட்ரிக் ஓர்கனும் தந்து அதை எடுத்துக்கொள்கிறாராம். திருவிழாவுக்கு முன் பதில் சொல்ல வேண்டும். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், தம்பி. அதற்காக அது பைப் ஓர்கன் என்றும் நம்பிவிட வேண்டாம்.

“மிதித்தால்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே எனக்குப் போதும். கீழே இரண்டு மிதிகட்டைகள் இருந்து, இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்து வாசிப்பது என்றால் அது அநேகமாகப் பெரிய கால் ஆர்மோனியம். சத்தம் வருவது குழாய்களில் இருந்து அல்ல, பித்தளை நாக்குகளில் இருந்து. றீட் என்பது அதைத்தான். முன்னால் பொன்னிறக் குழாய்கள் நிற்கின்றனவே என்பீர்கள். விரலால் தட்டிப் பாருங்கள், பின்பக்கம் ரோச் லைற் அடித்துப் பாருங்கள். உண்மையான குழாய்க்கு விசிலுக்கு இருப்பதுபோல அடியில் ஒரு வாய் வெட்டியிருக்கும். சாதாரண வரிசையில் ஆகக் கீழ்ச்சுரத்துக் குழாய் எட்டு அடி நீளம். உங்கள் பெட்டிக்குள் அதற்கு இடம் உண்டா? 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கம்பனிகள் வீட்டு ஆர்மோனியங்களின் தலையில் அழகுக்கென்றே பொய்க்குழாய் வைத்து விற்றன.

அப்படியானால் அவர் ஏன் இரண்டு இலட்சம் சொல்கிறார்? சொல்கிறார், அவ்வளவுதான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தப் பெட்டிகளைச் சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆள் இல்லை. பலகையைக் கழற்றி மேசையாகவும் அலுமாரியாகவும் மாற்றுகிறார்கள். லொறியில் ஏற்றும்வரை இரண்டு இலட்சம். ஏற்றிய பிறகு “உள்ளே கறையான், ஏற்றுக்கூலி” என்று கழிவு தொடங்கும். நான் பார்த்த கோவில் ஒன்றில் கடைசியில் மிஞ்சியது இரண்டு கட்டை ஒலிக்காத பழைய கீபோட் ஒன்றுதான்.

இன்னொன்று. கோவில் பொருளைப் பங்குச் சபை கைதூக்கி விற்க முடியாது. ஆயர் இல்லத்தைக் கேட்க வேண்டும். கடிதம் போட்டால் பதில் வருவதற்குள் பங்குத்தந்தை மாறிவிடுவார், புதியவர் வந்து “எந்த ஓர்கன்?” என்பார், அது வேறு கதை. ஆனால் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: அதை யாராவது நேர்த்திக்கடனாகக் கொடுத்தார்களா? “நல்ல மனதோடு தந்தது” வேறு, “பிள்ளை சுகமானால் ஓர்கன் தருவேன்” என்று நேர்ந்து தந்தது வேறு. நேர்ந்து தந்ததென்றால் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1292ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஆயர் சம்மதித்தாலும் போதாது, உரோமையின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் விற்பனையே செல்லாது. பெட்டியின் பக்கத்தில் பெயர்த்தகடு இருக்கிறதா பாருங்கள், ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள்.

சரி, புஸ் சத்தம். அது துருத்தி. மடிப்புகளில் உள்ள றப்பர் பூசிய துணி வெடித்திருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். பின்பலகையைக் கழற்றி, ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஊதுபத்தி ஒன்றை மூலைகளுக்குக் கிட்டப் பிடியுங்கள். மெழுகுதிரி வேண்டாம், காய்ந்த மரம். காற்றை உள்ளே இழுக்கும் அமெரிக்கப் பெட்டியானால் ஓட்டை உள்ள இடத்தில் புகை உள்ளே இழுபடும். காற்றை வெளியே தள்ளும் வகையானால் புகை விலகி ஓடும். கைப்பக்குவமான தச்சர் ஒருவர் புதுத்துணி ஒட்டிவிடுவார். வச்சிரம் காய்ச்சித்தான் ஒட்ட வேண்டும். சூப்பர் குளூ போட்டால் அடுத்த முறை பிரிக்க முடியாது.

“றீட்டைக் கழற்றிக் கழுவித் தருகிறேன்” என்று வருபவரை மட்டும் வாசலோடு அனுப்புங்கள். தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் துலக்கிப் பளபளக்கக் கொண்டுவருவார்கள். நாக்கின் நுனியில் தேய்ந்தால் சுருதி ஏறும், அடியில் தேய்ந்தால் இறங்கும். பிறகு பாடகர் குழாம் எதோடு சேர்ந்து பாடும்? எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதும் இல்லை. ஒரு கோவிலில் ஒன்பது நாக்கு திரும்பி வரவேயில்லை.

மாரி தொடங்குமுன் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நான்கு கட்டைமேல் ஏற்றி வையுங்கள். அப்புறம் விரல் வைத்து வாசிக்கும் கட்டைகளுக்கு மேலே உள்ள கம்பனிப் பெயரையும், பின்பலகை கழற்றிய படம் ஒன்றையும் எனக்கு அனுப்புங்கள். வந்தவரிடம் முற்பணம் வாங்கியிருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.