தண்ணீர் மந்திரி யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேரள அமைச்சரவை பற்றிய உங்கள் பழைய கட்டுரையை இப்போதுதான் படித்தேன். கூட்டணி ஆட்சி அமைந்தால் அமைச்சர்களின் பெயரைவிடத் துறைப் பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே ஒரு எம்.எல்.ஏ. உள்ள கட்சிக்கு மந்திரி பதவி. அதிலும் இரண்டரை வருஷம் உனக்கு, இரண்டரை வருஷம் எனக்கு என்று பங்கு. பந்தியில் இடம் பிடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதில் உட்கார்ந்து படிக்க என்ன இருக்கிறது?

கே., உடுமலைப்பேட்டை

அன்புள்ள கே.,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதிக்குப் பதில் சொல்கிறேன்.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். 2021 மே மாதம் பினராயி விஜயன் இரண்டாம் முறை பதவியேற்றபோது எங்கள் ஊரில் யாரும் முதல்வரைப் பற்றிப் பேசவில்லை. பால் வாங்க வந்த பக்கத்து வயல்காரர் என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்: "தண்ணி மந்திரி யாருப்பா?" இங்கே 14,707 ஏக்கர் இருபோக நிலம் முல்லைப் பெரியாற்றை நம்பி இருக்கிறது. ரோஷி அகஸ்டின், கேரளா காங்கிரஸ் (மாணி), இடுக்கி எம்.எல்.ஏ. என்று சொன்னேன். "இடுக்கியா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். ஆளின் பெயரை அவர் கண்டுகொள்ளவே இல்லை. அந்தத் துறை எந்தக் கட்சிக்கு, எந்த மாவட்டத்துக்குப் போனது என்பதிலேயே அவருக்கு வேண்டிய சேதி முழுவதும் இருந்தது. மலையோரக் குடியேற்ற விவசாயிகள்தான் அந்தக் கட்சியின் அடித்தளம். இடுக்கியில் முல்லைப் பெரியாறு அணைக்குக் கீழே பயத்தோடு வாழ்கிறவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

துறை எந்தக் கட்சியிடம் போனது என்பது எவ்வளவு முக்கியம் என்று அந்த வருஷமே நவம்பரில் கண்ணெதிரே தெரிந்தது. முல்லைப் பெரியாற்றின் பெரிய அணையை ஒட்டிய சின்ன அணையான பேபி அணையை பலப்படுத்த இடைஞ்சலாக இருந்த 15 மரங்களை வெட்டத் தமிழ்நாட்டுக்கு கேரள வனத்துறையின் அனுமதி உத்தரவு வந்தது. நம் முதல்வர் நன்றி தெரிவித்துக் கடிதமும் எழுதிவிட்டார். உடனே அங்கே புயல். வனத்துறை தேசியவாதக் காங்கிரஸின் சசீந்திரனிடம் இருந்தது. தனக்குத் தெரியாமல் போட்ட உத்தரவு என்றார் அவர். நீர்வளத் துறை அமைச்சரும் கைவிரித்தார். சில நாளில் உத்தரவு ரத்தாகி, கையெழுத்திட்ட அதிகாரி சஸ்பெண்ட் ஆனார். அணையின் தண்ணீர் ஒரு கட்சியிடம், அணையோரத்து மரம் இன்னொரு கட்சியிடம், முதல்வர் நாற்காலி மூன்றாவது கட்சியிடம். துறைப் பட்டியலைப் படித்தவனுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருந்திருக்காது.

அதனால்தான் கூட்டணியின் உண்மையான ஒப்பந்தம் இந்தப் பட்டியல்தான் என்கிறேன். தேர்தல் அறிக்கையில் எல்லாக் கட்சியும் ஒரே குரலில் பேசும். எந்தக் கட்சி எதை விட்டுக்கொடுக்காது என்பது துறை பிரிக்கும்போதுதான் தெரியும். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைப் பாருங்கள். 2006-லும் 2016-லும் இடது முன்னணி ஆட்சியில் அதன் நான்கு அமைச்சர்கள் வைத்திருந்த முக்கியத் துறைகள் வருவாய், வனம், வேளாண்மை, உணவு. அதன் முதல்வர் அச்சுத மேனன் காலத்தில் 1970 ஜனவரி 1 முதல் நிலச்சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த கட்சி அது. நிலத்தைத் தொடும் துறைகளைக் குடும்பச் சொத்து மாதிரி காத்து வந்தது. 2021-இல் வனம் கைவிட்டுப்போய், முன்பே கையிலிருந்த கால்நடையும் பால்வளமும்தான் நான்காவது மந்திரிக்கு மிஞ்சின. மந்திரிகளின் எண்ணிக்கை அதே நான்குதான், ஆனால் கட்சி இழந்தது பெரிது. எண்ணிக்கையை மட்டும் எண்ணுகிறவருக்கு அது தெரியாது.

சரி, ஒற்றை எம்.எல்.ஏ. கட்சிகளுக்கு வருவோம். அந்தத் தேர்தலில் மார்க்சிஸ்டுக்கு 62, இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 17. மொத்தம் 140-இல் இந்த இரண்டு கட்சிகளே 79. சின்னக் கட்சிகள் இல்லாமலும் ஆட்சி நடக்கும். ஆனாலும் இடம் கொடுத்தார்கள். ஏனென்றால் அங்கே முன்னணி என்பது தேர்தலுக்கு முன்பே அமைவது, மக்கள் ஓட்டுப் போட்டதே முன்னணிக்குத்தான். அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் பாதிப் பதவிக்காலம் என்ற ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியாது. 2023 டிசம்பர் 24-இல் போக்குவரத்து அமைச்சர் ஆண்டனி ராஜு விலகினார், 29-இல் கணேஷ் குமார் வந்தார். வந்த சூட்டோடு, முன்னவர் திருவனந்தபுரத்தில் ஓடவிட்ட மின்சார பஸ்கள் லாபமில்லை என்றார். சொன்னது சரியோ தவறோ, சம்பளமே ஒழுங்காகப் போட முடியாமல் தள்ளாடிய அரசு பஸ் நிறுவனத்தில் நடுவழியில் டிரைவரை மாற்றினால் அந்தத் தொழிலாளி யார் பேச்சை நம்புவான்?

இதைவிடக் கொடுமை, ஆளுக்கு ஏற்றபடி துறையையே வெட்டுவது. 2011-இல் உம்மன் சாண்டி 72 எம்.எல்.ஏ.க்களோடு வந்தார். உள்ளாட்சித் துறை மூன்றாக உடைந்தது. பஞ்சாயத்து முஸ்லிம் லீகின் முனீருக்கு. நகராட்சிகள் முதலில் குஞ்ஞாலிக்குட்டிக்கு, லீகின் ஐந்தாவது மந்திரியாக 2012-இல் மஞ்ஞளாங்குழி அலி வந்ததும் அவருக்கு. ஊரக வளர்ச்சி காங்கிரஸின் கே.சி. ஜோசப்புக்கு. நூறு நாள் வேலை ஒரு அமைச்சரிடம், அதை நடத்த வேண்டிய பஞ்சாயத்து வேறொருவரிடம். அதிகாரப் பரவலுக்கு நாடே உதாரணம் காட்டிய மாநிலத்தில்! 2016-இல் வந்த அரசு மூன்றையும் மறுபடி ஒருவர் கையில் சேர்த்தது. அப்போது நான் எழுதிய வரவேற்பில் இன்றும் மாற்றமில்லை.

சட்டம் தலைகளை மட்டும்தான் எண்ணுகிறது. உத்தரப் பிரதேசத்தில் 1997-இல் கல்யாண் சிங் 93 மந்திரிகளை வைத்திருந்தார். அப்படி ஒரு கூத்து இனி வேண்டாமென்று 2003-இல் அரசியல் சட்டத்தின் 91-வது திருத்தம் வந்தது. சட்டமன்ற பலத்தில் 15 சதவீதம்தான், 140 பேருக்கு 21. துறையை எத்தனை துண்டாக வெட்டலாம் என்பதற்கு அதில் வரம்பு கிடையாது.

அப்புறம், நீங்கள் சொன்ன அந்த இரண்டரை வருஷப் பங்கில் இன்னொன்றும் நடந்தது. இந்திய நேஷனல் லீகின் அகமது தேவர்கோவில் வைத்திருந்தவற்றில் முக்கியமானது துறைமுகம். அவர் விலகி காங்கிரஸ் (எஸ்) கடன்னப்பள்ளி ராமச்சந்திரன் வந்தபோது அவருக்குக் கிடைத்தவை பத்திரப்பதிவு, அருங்காட்சியகம், தொல்லியல். துறைமுகம் மார்க்சிஸ்டின் வாசவனிடம் போய்விட்டது. இரண்டு மாதம் முன்னால்தான், அக்டோபரில், திருவனந்தபுரம் பக்கத்துப் புதிய துறைமுகமான விழிஞ்ஞத்துக்கு கிரேன்களோடு முதல் கப்பல் வந்திருந்தது. பெயர்ப் பட்டியலில் ஒரு மந்திரி போய் இன்னொரு மந்திரி வந்தார், அவ்வளவுதான் தெரியும். துறைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள், கே.