தாதுவும் கசடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தோனேசிய நிக்கல் பற்றிய கட்டுரையில், தாதுவை உள்நாட்டிலேயே சுத்திகரிக்கும் கொள்கையைக் குறை சொல்லியிருந்தீர்கள். மண்ணை அள்ளி விற்றுவிட்டு உலோகத்தைக் காசு கொடுத்து வாங்கும் நிலைமை ஒரு நாட்டுக்கு இன்னும் எத்தனை காலம்? சுரங்கம் தோண்டும்போது வராத சுற்றுச்சூழல் அக்கறை, ஆலை கட்டும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

2020 ஜனவரியில் இந்தோனேசியா நிக்கல் தாது ஏற்றுமதியை நிறுத்தியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் அதை உலக வர்த்தக அமைப்புவரை இழுத்தபோது உங்களுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. கட்டுரையில் அதை அழுத்திச் சொல்லாதது என் பிழை. நான் சொல்ல வந்தது வேறு. ஆலை வரும் இடத்துக்கு, உலோகத்தை எடுத்தபின் மிஞ்சும் கசடும் வரும். ஆலைக்கு நிலம் தேடியவர்கள் கசடுக்குத் தேடவில்லை.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் கிடைக்கும் செம்மண் தாதுவில் நிக்கல் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். பேட்டரிக்கான நிக்கலைப் பிரிக்க, அந்த மண்ணைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துப் பெரிய அழுத்தக் கலனில் 250 டிகிரிக்கு வேகவைக்கிறார்கள். நிக்கலை எடுத்தபின், உள்ளே போன மண் ஏறக்குறைய அப்படியே சேறாகத் திரும்பி வருகிறது. பூமி நடுங்கும், மழை கொட்டும் தீவில் அதை எங்கே வைப்பது? ஆழ்கடலில் குழாய் வழியே விட்டுவிடலாம் என்றுகூட யோசித்தார்கள். அதே தீவின் மொரோவாலி ஆலைகளுக்கு மின்சாரம் நிலக்கரியிலிருந்து என்பது தனிக்கதை.

சுரங்கத்தின் மேல் அக்கறை இல்லை என்கிறீர்கள். குழியை எல்லோரும் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம். கசடுச் சேற்றைத் தேக்கிவைக்கும் கழிவணையை, உடையும்வரை யாரும் பார்ப்பதில்லை. பிரேசிலில் ப்ரூமாடின்யோ இரும்புச் சுரங்கத்தின் கழிவணை படிப்படியாக மேல்நோக்கி வளர்க்கப்பட்டது. முதலில் சின்னக் கரை, அதற்குள் சேறு. கொஞ்சம் இறுகியதும் அந்தச் சேற்றின் மேலேயே அடுத்த கரை. செலவு குறைவு, அதனால்தான் அந்த முறை. மேலே புல்கூட முளைக்கும், உள்ளே நீர் வடிந்திருக்காது. 2019 ஜனவரி 25, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அது உடைந்தது. தொழிலாளர் உணவுக்கூடம் அணைக்கு நேர் கீழே. 270 பேர் இறந்துபோனார்கள். இத்தனைக்கும் அதில் கழிவு கொட்டுவது நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. அணை உறுதியாக இருக்கிறது என்று முந்தைய வருடம்தான் வெளித் தணிக்கையாளர் சான்று கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்தது சுரங்க நிறுவனமே.

அதன்பிறகுதான் பிரேசில் அந்த வகை அணைகளைத் தடைசெய்தது. சிலியில் 1965 நிலநடுக்கத்தில் எல் கோப்ரே கழிவணை சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் புதைந்தார்கள். அங்கே 1970-லேயே தடை வந்துவிட்டது. பொறியாளர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை.

ஆகவே ஆலை வரட்டும். ஆனால் உரிமம் கொடுக்கும் அன்றே, சுரங்கம் மூடியபின் கசடைக் காக்கும் செலவை வைப்புத்தொகையாக அரசு வாங்கிவிட வேண்டும். அணையைச் சோதிப்பவருக்குச் சம்பளமும் அந்தப் பணத்திலிருந்தே போகட்டும். இந்தச் செலவையும் சேர்த்துத்தான் நிக்கலுக்கு விலை வைக்க வேண்டும். வாங்குகிறவர்கள் முனகுவார்கள். இதுவரை அவர்களுக்குக் கிடைத்தது தள்ளுபடி விலை.